பெயர் சொல்லி அழுதல்: ஒப்பாரியும் ஓர் இசைத்தொகுப்பும் கற்பிக்கும் பாடம்

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கருவிகள் உண்டு. துயரத்தை அளக்கும் கருவி எதுவும் மருத்துவமனையில் இல்லை. ஆயினும் இங்கு வந்து செல்லும் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் ஏதோவொரு துயரத்தைச் சுமந்தே வருகின்றன. அத்துயரத்தை நம் முன்னோர் எவ்வாறு கையாண்டனர், இக்கால இசைக் கலைஞர் ஒருவர் எவ்வாறு கையாண்டார், அவற்றிலிருந்து நாம் கற்கத்தக்கது யாது என்பதே இப்பாடம்.

கல்லும் சொல்லும்

பேத்துப்பாறையில் வாழும் நமக்குக் கற்திட்டைகள் புதியன அல்ல. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின்மேல் பெரியதொரு கல்லை மூடியாக வைத்த பெருங்கற்காலச் சின்னங்கள் அவை. பேத்துப்பாறை, தாண்டிக்குடி முதலிய ஊர்ப்புறங்களில், பழனி மலைத்தொடர் முழுவதும் இத்தகையவை காணப்படுகின்றன. செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஆங்கிலேட் என்பார், நியூட்டன் என்பாருடன் இணைந்து இவற்றை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1928இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது.

இறந்தோரை நினைத்து எழுப்பப்பட்டவையாகவே இக்கற்களை ஆய்வாளர் பலர் கருதுவர். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. இருந்தும் மலைக்காற்றையும் மழையையும் தாங்கி அவற்றுள் பல நிற்கின்றன. இவ்வளவு கனமான கல்லைத் தனியொருவர் தூக்கி நிறுத்தியிருக்க இயலாது. பலர் கூடியே அதனைச் செய்திருத்தல் வேண்டும். இறந்தவருக்குக் கல் நிறுத்தியது போலவே, இருப்பவரின் துயரத்தைத் தாங்கச் சொல்லாலும் ஓர் அமைப்பை நம் மக்கள் உண்டாக்கினர். அதுவே ஒப்பாரி. அதனை நிறுத்தவும் பல தோள்கள் தேவைப்பட்டன.

அழுகை பிறக்கும் நான்கு இடங்கள்

ஒப்பாரியைப் பற்றிப் பேசுவதற்குமுன் அழுகையைப் பற்றி ஒரு சொல். அழுகை என்பது சாவு வீட்டுக்கு மட்டும் உரியதென நாம் எண்ணுகிறோம். தொல்காப்பியம் அவ்வாறு கருதவில்லை. மெய்ப்பாட்டியலில் அழுகை பிறப்பதற்கு நான்கு காரணங்கள் கூறப்பட்டுள்ளன: பிறரால் இகழப்படுதல், இழத்தல், அசைவு, வறுமை. இவற்றுள் அசைவு என்பதற்கு உரையாசிரியராகிய பேராசிரியர் தரும் விளக்கம் மருத்துவமனையில் இருப்போர் கருதத்தக்கது. முன்பிருந்த நிலை கெட்டு, வேறொரு நிலையை அடைந்து வருந்துவதே அசைவு என்பார் அவர்.

பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த உழவர், பார்வை மங்கிய தையற்காரர், கருப்பை அகற்றப்பட்ட இளம்பெண், வாரந்தோறும் குருதிச் சுத்திகரிப்புக்கு வரவேண்டியவராகிவிட்ட ஆசிரியர் ஆகிய எவர் வீட்டிலும் சாவு நிகழவில்லை. எனினும் அவர்கள் ஒன்றை இழந்திருக்கிறார்கள். முன்பு தாம் இருந்த நிலையை இழந்திருக்கிறார்கள். “உயிர் பிழைத்ததே பெரிது, இதற்கெல்லாம் அழலாமா?” என்று உறவினர் கேட்பது அன்பினால்தான். ஆனால் அக்கேள்வி, அழுதற்குரிய காரணம் ஒன்றை இல்லையென்று மறுத்துவிடுகிறது. நோயாளியின் துயரமும் துயரமே. தமிழ் இலக்கணமே அதற்கு இடமளித்துள்ளது.

நோயாளியைப் பேணுவோருக்கும் இது பொருந்தும். உயிருடன் இருப்பவரை எண்ணி அழுவது தீநிமித்தம் என்று அஞ்சிப் பலர் கண்ணீரை அடக்குகின்றனர். நீண்ட நோயில் இழப்பு ஒரே நாளில் வருவதில்லை. சிறிது சிறிதாக வருகிறது. அதற்கேற்ப அழுகையும் முன்கூட்டியே வருதல் இயல்பு. அதனால் நோயாளிக்குத் தீங்கு நேர்வதில்லை.

சங்கப் புலவர் சொன்ன சிறியவை

இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்தும் பாடல்களுக்குக் கையறுநிலை என்று பெயர். செய்வதறியாது நிற்கும் நிலை என்பது இதன் பொருள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருந்தவர் எவரும் இச்சொல்லுக்கு அகராதியைத் தேடமாட்டார்.

புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பல உள்ளன. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது அவற்றுள் ஒன்று. அவன் வென்ற போர்களைப் பட்டியலிட்டு அவர் புலம்பவில்லை. சிறிதளவு கள் கிடைத்தால் அதனை எமக்கே கொடுத்துவிடுவான் என்கிறார். தம் தலையை அன்போடு தடவிய கையை நினைக்கிறார். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய பாடலும் அத்தகையதே. சென்ற திங்களின் நிலவொளியில் தந்தை இருந்தார், மலையும் தம்முடையதாய் இருந்தது; இத்திங்களின் நிலவொளியில் இரண்டும் இல்லை. ஒரு நிலாவுக்கும் அடுத்த நிலாவுக்கும் இடையே ஒரு வாழ்வே மாறிவிட்டது என்பதை அவர்கள் சொல்லும் முறை அது.

பேரிழப்பைப் பெருஞ்சொற்களால் அளக்க இயலாது. ஒரு கை, ஒரு நிலா, ஒரு வாய் உணவு எனச் சிறியதொன்றைப் பெயர் சொல்லும்போதே அதன் அளவு விளங்குகிறது. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே. இதனை ஒப்பாரியிலும் காண்போம்.

ஒப்பாரியின் அமைப்பு

தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடிவது தமிழர் வாழ்வு என்பர். இரண்டையும் பெரும்பாலும் பெண்களே பாடினர், எழுதிவைத்துப் பாடவில்லை. நாட்டார் பாடல்களைத் தொகுத்த நா. வானமாமலை முதலிய அறிஞர்கள் ஒப்பாரியையும் மதித்துத் தொகுப்பில் சேர்த்தனர். கேட்பதற்குக் கட்டற்ற அழுகைபோல் தோன்றினும் ஒப்பாரிக்குத் திட்டமான அமைப்பு உண்டு. அதனை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, விளித்தல். ஒப்பாரி இறந்தவரைப் பற்றிப் பேசுவதில்லை, இறந்தவரோடு பேசுகிறது. பெற்ற தாயே, உடன்பிறந்த அண்ணனே, கொண்ட கணவனே என்று உறவுமுறை சொல்லி அழைக்கிறது. தாய்க்குப் பாடுவது வேறு, கணவனுக்குப் பாடுவது வேறு, பிள்ளைக்குப் பாடுவது வேறு.

இரண்டாவது, ஒப்புச் சொல்லுதல். இறந்தவரைப் பொன்னோடும் தேரோடும் நிழல் தரும் மரத்தோடும் ஒப்பிட்டு, பின்னர் அவர் வளர்த்த மாடு, உழுத வயல், வாங்கித் தந்த சேலை என நடைமுறை வாழ்வின் சிறு பொருள்களுக்கு இறங்கி வருகிறது.

மூன்றாவது, முறையிடுதல். ஒப்பாரி வெறும் புகழுரை அன்று. மருமகள் தனக்கு நேர்ந்த அவமதிப்பைச் சொல்வாள். தங்கை தனக்குக் கிடைக்காத சீரைச் சொல்வாள். கைம்பெண் இனித் தன்னைச் சூழவிருக்கும் தனிமையைச் சொல்வாள். பிற நாள்களில் சொல்ல இயலாததைச் சொல்வதற்கு அன்று அவளுக்கு உரிமை உண்டு. சொல்லியதற்காக எவரும் பின்னர் அவளைக் கடிந்துகொள்வதில்லை.

நான்காவது, கூடியழுதல். வந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக அமர்ந்து அழுவர். ஒருத்தி தொடங்க, மற்றவர் தொடர்வர். அவரவர் தத்தம் வீட்டில் இறந்தவரையும் எண்ணி அழுவர். தமிழ்நாட்டு ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசெஸ், 2005இல் வெளியிட்ட தம் நூலுக்கு, இறந்தவருக்காக எவரும் அழுவதில்லை என்று பொருள்படும் தலைப்பையே இட்டார். தம் சொந்த இழப்புகளையும் வாழ்க்கைக் குறைகளையுமே பெண்கள் அங்குப் பாடுகின்றனர் என்பது அவர் கண்டது. இதனைத் தன்னலம் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒருவர் வீட்டுச் சாவு, ஊரில் ஆறாதிருந்த பல புண்களுக்கும் வழிதிறந்து விடுகிறது.

இவையன்றி ஒப்பாரிக்கு ஒரு முடிவும் உண்டு. உடலை எடுத்தபின் பாட்டு அடங்கும். பெண்கள் முகம் கழுவுவர். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு உறவினர் வீட்டிலிருந்து உணவு வரும். பின்னர் பதினாறாம் நாள் கருமகாரியமோ, முப்பதாம் நாள் மன்றாட்டோ, நாற்பதாம் நாள் ஓதுதலோ, அவரவர் சமய மரபுப்படி நடைபெறும். இவ்விடைவெளிகள் துயரத்தை நீக்கிவிடுவதில்லை. ஆனால் துயரமுற்றவரிடம் ஊர் மீண்டும் மீண்டும் வருவதற்கு நாள் குறித்துத் தருகின்றன.

கடல் கடந்த ஓர் ஒப்பாரி

இவ்வழக்கம் இல்லாத சமூகத்தில் ஒருவர் எவ்வாறு அழுவார்? அதற்கு விடையாக ஓர் இசைத்தொகுப்பு உள்ளது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அனகார்ட்டிஸ் என்பது கடலோரச் சிற்றூர். அங்கு வாழ்ந்த பில் எல்வரம், மவுண்ட் ஈரி என்னும் பெயரில் பாடல்கள் வெளியிடுபவர். பெரிய நிறுவனங்களைச் சாராது, எளிய கருவிகளைக் கொண்டு, நாட்டார் இசையின் சாயலில் பாடும் இத்தகையோரின் இசையை இண்டி ஃபோக் என்பர். இவருடைய மனைவி ஜெனவியேவ் காஸ்ட்ரே கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஓவியர், படக்கதை எழுதியவர். 2015இல் அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. சில மாதங்களில் அத்தாய்க்குக் கணையப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 2016 ஜூலையில், தம் 35ஆம் வயதில் அவர் இறந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை, மனைவி இறந்த அதே அறையில் அமர்ந்து, பெரும்பாலும் அவருடைய இசைக்கருவிகளையே எடுத்து, ஓர் ஒலிவாங்கியும் ஒரு மடிக்கணினியும் கொண்டு, எல்வரம் பதினொரு பாடல்களைப் பதிவு செய்தார். 2017 மார்ச்சில் அவை ‘அ குரோ லுக்டு அட் மீ’ என்னும் தொகுப்பாக வெளிவந்தன. காகம் ஒன்று என்னைப் பார்த்தது என்பது அதன் பொருள்.

அப்பாடல்களில் தத்துவம் இல்லை. ஆறுதல் மொழியும் இல்லை. எத்தனை நாள்கள் ஆயின, வீட்டில் எது எங்கே கிடக்கிறது, குழந்தை என்ன கேட்டாள் என்பனவே அவற்றில் உள்ளன. மனைவி இறந்து ஒரு வாரத்தில் வீட்டுக்கு ஓர் அஞ்சற்பொதி வருகிறது. பிரித்துப் பார்த்தால் குழந்தைக்கு ஒரு பள்ளிப்பை. மகள் பள்ளி செல்லும் நாளில் தாம் இருக்கப்போவதில்லை என்பதை அறிந்து, தாய் மறைவாக வாங்க ஏற்பாடு செய்திருந்த பை அது. அதைக் கண்டு அவர் வாயிற்படியில் விழுந்து அழுதார் என்பதை முதற்பாடல் கூறுகிறது. ஔவையாருக்குத் தலையைத் தடவிய கை எதுவோ, இவருக்கு அந்தப் பை அதுவே.

பாடல்கள் பலவும் இறந்த மனைவியை முன்னிலையில் வைத்து, நீ என்று அழைத்துப் பேசுகின்றன. இறுதிப் பாடலில் தந்தை தம் குழந்தையைச் சுமந்து காட்டினூடே நடக்கிறார். காகம் ஒன்று அவர்களைத் தொடர்கிறது. உறக்கத்தில் குழந்தை காகம் என்று முணுமுணுக்கிறாள். அக்காகத்தில் அவர் தம் மனைவியைக் காண்கிறார். அமாவாசையன்று கூரைமேல் சோறு வைத்துக் காகத்தை அழைக்கும் நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டுவதில்லை. நம் வழக்கத்தை அவர் அறிந்து பாடினார் என்று கொள்வதற்கில்லை. பிரிந்தவரைத் தேடும் கண், தன்னை நோக்கும் உயிர் எதுவாயினும் அதனிடத்தில் அவரைக் காண முயல்கிறது.

ஒப்புநோக்கின் தெரிவன

இரண்டுக்கும் பொதுவானவை மூன்று: இறந்தவரை நேரே விளித்தல், சிறியவற்றைப் பெயர் சொல்லுதல், துயரத்துக்குப் பொய்யான ஆறுதல் பூசாமை. வேறுபாடு ஒன்றே. ஒப்பாரியில் தோள்மேல் கைபோட அருகில் பலர் உண்டு. எல்வரம் அறையில் தனித்திருந்தார்; அவருக்குக் கேட்போர் பின்னரே, உலகெங்குமிருந்து வந்தனர். ஊர் கூடாத இடத்தில் ஒலிநாடா அவருக்கு ஊர் ஆயிற்று.

நாமும் இப்போது இரண்டுக்கும் இடையில் நிற்கிறோம். நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களில் ஒப்பாரி பாடத் தெரிந்தவர் குறைந்துவிட்டனர். சிலர் அதனை நாகரிகக் குறைவாகவும் எண்ணுகின்றனர். 2020இல் பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டின்போது இறுதிச் சடங்கில் 20 பேருக்குமேல் கூடலாகாது என்ற விதி இருந்தது. தந்தையின் முகத்தைப் பாராமலே பிரிந்த பிள்ளைகள் பலர். அக்காலத்தில் அழாத அழுகையை இன்றும் சுமந்திருப்பவர் நம்மிடையே உள்ளனர். ஆண்களின் நிலை இன்னும் கடினம். பந்தல், பாடை, பணம் என்னும் பொறுப்புகளுக்கிடையே ஆண் அழுவதற்கு ஊர் இடம் வைக்கவில்லை. தம் மனைவிக்காக ஓர் ஆணே பாடியது என்னும் வகையிலும் மேற்கூறிய தொகுப்பு கருதத்தக்கது.

மருத்துவ ஆய்வு கூறுவது

துயரம் ஐந்து படிகளில் ஏறி முடியும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்நிலைகளை விளக்கியது, இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு உரையாடியதன் அடிப்படையிலேயே ஆகும். இழந்தோர் அனைவரும் வரிசையாக ஏறவேண்டிய ஏணியாக அதனைக் கொள்ளலாகாது.

நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஸ்கூட்டும் 1999இல் வேறொரு விளக்கம் தந்தனர். துயருற்றவர் மனம் ஊசல்போல் ஆடுகிறது. ஒருபுறம் இழப்பை நோக்கிச் செல்கிறது. மறுபுறம் பிள்ளையின் கட்டணம், தோட்டத்து வேலை, புதிய பொறுப்புகள் என்று வாழ்வை நோக்கித் திரும்புகிறது. இரண்டும் தேவை. காலையில் அழுதவர் மாலையில் சிரித்தால் அவர் இறந்தவரை மறந்துவிட்டார் என்று பொருள் இல்லை. ஒப்பாரிக்குப்பின் முகம் கழுவி உண்ணச் செய்த நம் வழக்கமும் இவ்வூசலுக்கு இடம் தந்ததே.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். அவரைப் பற்றிப் பேசினால் துயரம் மிகும் என்று எண்ணி வீட்டார் வாய்மூடி இருப்பதுண்டு. பெயரே ஒலிக்காத வீட்டில் துயருற்றவர் தனித்துவிடுகிறார்.

2. சிறியதொன்றைக் கேளுங்கள். “மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்பதைவிட, “அம்மா வைக்கும் குழம்பில் என்ன சேர்ப்பார்?” என்னும் கேள்வி ஒருவரைப் பேசவைக்கும்.

3. விளித்துப் பேச வழி செய்யுங்கள். பாடத் தெரிந்தவர் பாடலாம். தெரியாதவர் மடல் எழுதலாம். கைப்பேசியில் தம் குரலைப் பதிவு செய்யலாம். எவருக்கும் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

4. குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார் என்றால் குழந்தை தூக்கத்தையும் பயணத்தையும் அஞ்சத் தொடங்கும். இறந்துவிட்டார், இனி வரமாட்டார், அதற்கு நீ காரணம் இல்லை என்று எளிய சொற்களில் கூறுதல் நலம்.

5. உடலை மறவாதீர்கள். துக்க வீட்டில் சர்க்கரை நோயாளிகள் உணவையும், இரத்த அழுத்தம் உடையோர் மாத்திரையையும் தவறவிடுவது வழக்கம். உறவினர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றல் வேண்டும். கடுந்துயரின்போது மார்பு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால், அழுததனால் வந்தது என்று விட்டுவிடலாகாது. அதிர்ச்சியால் இதயத்தசை தற்காலிகமாக வலுவிழக்கும் நோயும் உண்டு. அதனை முதன்முதலில் ஜப்பானிய மருத்துவர் விளக்கி, டகோட்சுபோ எனப் பெயரிட்டனர். மாரடைப்பா, இந்நோயா என்பதைப் பரிசோதனையால் மட்டுமே அறிய இயலும். உடனே மருத்துவமனைக்கு வருக.

மருத்துவ உதவி தேவைப்படும் நிலை

துயரம் நோயன்று, பெரும்பாலோர்க்கு அது மெல்ல மெல்லத் தாங்கத்தக்கதாகிறது. சிலருக்கு அவ்வாறு நிகழ்வதில்லை. நாள்தோறும் தணியாத ஏக்கம், தன்னில் ஒரு பகுதியே இறந்துவிட்டதென்னும் உணர்வு, எவரையும் அணுகாமை, அன்றாடப் பணிகளைச் செய்ய இயலாமை ஆகியன நீடிக்குமாயின் அது நீடித்த துயரக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதற்கு ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட காலத்தை அளவாகக் கொள்கிறது; அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வரையறை, வயதுவந்தோர்க்குப் பன்னிரண்டு மாதங்களை அளவாகக் கொள்கிறது. இதற்கெனப் பேச்சுவழிச் சிகிச்சை முறைகள் உள்ளன. மருத்துவரிடம் கூறத் தயங்கவேண்டா.

வாழ விருப்பமின்மையோ, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தோன்றினால் மாதக்கணக்கைப் பார்த்துக் காத்திருத்தல் கூடாது. அன்றே மருத்துவரை நாடுக. நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அத்தகையவரைத் தனியே விடாது ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

குடும்பமாக உரையாட

1. நம் வீட்டில் ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டியோ பெரியம்மாவோ இருக்கிறார்களா? அவர்கள் யாருக்காக முதலில் பாடினார்கள் என்று கேட்டதுண்டா?

2. நோயினால் நம் வீட்டில் ஒருவர் இழந்த பழைய நிலை எது? அதைப் பற்றி அவரிடம் நாம் பேசியிருக்கிறோமா?

3. நம் வீட்டு ஆண்கள் எங்கே அழுகிறார்கள்?

4. பிரிந்த ஒருவரை நினைவூட்டும் சிறிய பொருள் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லுக. அது பாத்திரமாகவோ, செருப்பாகவோ, கைப்பேசியில் இன்னும் அழிக்காத எண்ணாகவோ இருக்கலாம். ஒருவர் சொல்லும்போது மற்றவர் ஆறுதல் கூறவேண்டா. கேட்டுக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தாலே போதும்.